தியாகலிங்கம் வரைந்த ஹெலிகொப்டர்

தியாகலிங்கத்துக்கு ஒரே ஆசைதான்: தான் படம் வரைகிற வீடியோ கேம் முடியும்போது திரையில் தன் பெயர் வரவேண்டும். அகதியாக வந்து அஜின்கோர்ட்டில் என்னோடு அப்பார்ட்மென்ரைப் பங்குபோட்டிருந்த மனுசன், 1993இல் இதற்காக றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு அர்ச்சனையே செய்வித்தான். கேமுக்கு நட்சத்திரம் என்னவென்று ஐயர் கேட்டாராம்.

யாழ்ப்பாணத்தில் அவன் கட்டடப் பிளான் கீறுகிற படவரைஞன். இங்கே, ஷெப்பர்ட் வீதியில் கார்ப்பெட் கடைக்கு மேலே இருந்த ஒரு சின்னக் கொம்பனியில் வேலை. ஜப்பான்காரரின் கேம் மெஷினில் ஓடுகிற கேமுக்குப் புள்ளி புள்ளியாகப் படம் வைப்பான்.

அவனுடைய ஹெலிகொப்டரைப் பார்த்து முதலாளி வாயைப் பிளந்தார். அடிவயிறு நிஜ ஹெலியைப்போலவே இருக்கிறதே, எப்படி என்று கேட்டார். ஊரில், ஹெலி வந்து சுடும்போது பதுங்குகிற பங்கர் வாசலில் மல்லாந்து கிடந்து பார்த்தவனுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? இவனும் பெருமையாகச் சொல்லித் தொலைத்தான். அப்படியென்றால் அந்த ஊரையும் வரை என்றார் முதலாளி. பனை, வேலி, ஓலைக்குடிசை எல்லாம் வரைந்து கொடுத்தான்.

இரண்டு கிழமை கழித்து முகம் செத்து வந்தான்.

"ஹெலியைச் சுடுற விளையாட்டெண்டெல்லோ நினைச்சனான். ஹெலிக்குள்ள இருக்கிறவன்தான் ஹீரோவாம்."

குடிசையைச் சுட்டால் நூறு புள்ளி. ஓடுகிற ஆளுக்கு ஐம்பது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உந்த வேலையை விட்டுட்டு வாடா. ஒஷாவாவில பக்ரறி வேலை எடுத்துத் தாறன்."

"பேர் வரப்போகுது மச்சான்," என்றான்.

மெஷின் செய்கிற ஜப்பான் கொம்பனி சம்மதித்தால்தான் கேம் வெளியே வரும். அங்கிருந்து கடிதம் வந்தது. குடிசை எரியலாம், சனம் ஓடலாம். இரத்தம் மட்டும் சிவப்பாக இருக்கக்கூடாதாம். இவன் பச்சையாக மாற்றினான். நிறத்துக்கான ஒரு இலக்கத்தை மாற்றினால் போதும், சுகமான வேலை என்று சோற்றைப் பிசைந்தபடி சொன்னான். நான் சோற்றைத் தள்ளிவைத்தேன்.

கடைசியில் இடம் போதாதென்று பெயரை 'T. LING' என்று போட்டுவிட்டார்கள். அன்றைக்குத்தான் தியாகலிங்கம் முதன்முதலாக முதலாளியோடு சண்டை பிடித்தான். குடிசைக்குத் திறக்காத வாய், பச்சை இரத்தத்துக்குத் திறக்காத வாய், இதற்குத் திறந்தது. வென்றும்விட்டான்.

கேமை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு குடிசை மிச்சமில்லாமல் சுட்டுமுடித்து, என்னைக் கூப்பிட்டான். கருகிய பனைகளுக்கு மேலே அவன் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. எழுந்துபோய் ரீவியை நிற்பாட்டக் கையை நீட்டினேன்.

"பொறு மச்சான்," என்றான். "பேர் இன்னும் முழுக்க வரேல்லை."