அப்பா வாசித்த பெயர்கள்

ரேஷன் கடையில் ஈரச் சாக்கின் வாடை மூக்கில் ஏறும்போதெல்லாம், காஞ்சிபுரத்தில் ஆற்றோரம் நாங்கள் சாக்கு விரித்து உட்கார்ந்த ஜெபவீடு நினைவுக்கு வந்துவிடும். பட்டுக்குச் சாயம் போட்டுப் போட்டு ஊதாவாகிப்போன விரலை வரிக்கு வரி நகர்த்தி, வேதத்தில் அந்நிய தேசத்துச் சிறையிருப்பிலிருந்து ஊர் திரும்பியவர்களின் பெயர்களை, இன்னார் புத்திரர், இன்னார் புத்திரர் என்று அப்பா ஒன்று விடாமல் வாசிப்பார். ஓட்டின்மேல் அணில் ஓடும், குழந்தைகள் தூங்கி விழும், வெளியே யாரோ துணி துவைக்கும் சத்தம் அந்தப் பெயர்களுக்குத் தாளம்போலக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"வெறும் பேருதானேய்யா, தாண்டிப் போயேன்" என்பாள் அம்மா, வீடு திரும்பும்போது.

"அத்தினி வருசம் கழிச்சும் யாரு எந்த வீட்டு ஆளுன்னு மறக்காம வச்சிக்கினு இருந்தாங்கமே. அது சும்மாவா?"

பிறகு நாங்கள் குடியிருந்த ஆற்றங்கரையைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரே வரிசையில் வாழ்ந்த எங்களுக்குக் குலுக்கலில், ஊருக்கு வெளியே வெவ்வேறு அடுக்குமாடிகளில் வீடு விழுந்தது. பாதிப்பேர் வேலை தேடி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய்விட்டார்கள். ஜெபவீடு நின்ற இடத்தில் இப்போது கருங்கல் கரைதான் இருக்கிறது.

அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. போன ஞாயிறு வேதத்தில் அந்தப் பெயர்ப் பகுதியை அவருக்கு நான் வாசித்தேன். தங்கள் தகப்பன் வீடு எதுவென்று சொல்ல முடியாமல் நின்றவர்கள் வரும் இடத்தில் அப்பா என் கையைப் பிடித்தார்.

"நம்ம பக்கத்து வீட்டுக்காரன், டோலக் அடிப்பானே, அவன் பேரு என்னாமா?"

எவ்வளவு யோசித்தும் எனக்கும் வரவில்லை. கேட்டுச் சொல்ல அந்த வரிசை ஆட்கள் ஒருவரும் இந்தக் கட்டடத்தில் இல்லை.