சிரித்துக்கொண்டே வாங்கிய திட்டு

ஹைதராபாத்துக்கு ஊர் ஊராக ஆள் வந்து குவிந்துகொண்டிருந்த காலத்தில்தான் நானும் போய்ச் சேர்ந்தேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, ஏ.எஸ்.ராவ் நகரில் ஒரு மாடி அறை. எங்கள் டீமில் தமிழ் பேசுகிற ஆள் நான் ஒருத்திதான். கம்பெனி பஸ் என் நிறுத்தத்திலிருந்து கிளம்பும் என்பதால் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்துவிடுவேன். உப்பலில் ஏறும் என் தோழிக்காக அந்த இடம். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். என் ஓட்டைத் தெலுங்கைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, பிறகு பொறுமையாகத் திருத்துவாள்.

மதியம் டீமில் எல்லோரும் டப்பாக்களைத் திறந்து மேஜை நடுவில் வைத்துவிடுவோம். யார் வீட்டுச் சாப்பாடு யாருக்கு என்ற கணக்கே கிடையாது. அவள் கொண்டுவரும் கோங்கூரா பச்சடிக்கு, அந்தப் புளிச்சக்கீரைத் துவையலுக்கு, நான் அடிமை. அந்த ஊரில் வீடு என்று எனக்கு இருந்தது அந்த மேஜைதான்.

அப்போதுதான் புது மேனேஜர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். "மீ ஊரு ஆயனே கதா!", உங்க ஊர்க்காரர்தானே என்று டீமே என்னை வாழ்த்தியது. திருநெல்வேலிக்கும் கோயம்புத்தூருக்கும் ஒரு ராத்திரி ரயில் தூரம் என்று இவர்களிடம் யார் சொல்வது? எனக்கும் உள்ளுக்குள் குஷிதான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல இருந்தது.

தெய்வத்தின் லட்சணம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஒரு வேலை நன்றாக இருக்கிறது என்று அந்த மனுஷன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. முன்பெல்லாம் எங்களில் யார் ப்ரோகிராமில் தப்பு வந்தாலும், "ஐயோ, கவுத்துட்டேன்" என்று அவரவரே சத்தமாகச் சொல்வோம். நாலு பேர் ஓடி வந்து சரிசெய்வோம். அவர் வந்தபின் தப்பை மூடி மறைக்கக் கற்றுக்கொண்டோம். மறைத்த தப்பு பெரிதாகி வெளியே வரும். அவர் "நான்தான் சொன்னேனே" என்பார். எல்லோரும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தலையைத் தூக்காமல் வேலை பார்த்தார்கள்.

மற்றவர்களை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, இங்கிலீஷில் திட்டுவார். எனக்கு மட்டும் தனி மரியாதை. என் நாற்காலி முதுகில் கையூன்றி நின்று, எல்லோர் எதிரிலும் தமிழில், சிரித்த முகத்தோடு திட்டுவார். குரல் உயராது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அதில் மனுஷன் கைதேர்ந்தவர். தமிழ் தெரியாதவர்கள் கேட்டால் கொஞ்சுகிறார் என்றே நினைப்பார்கள். அப்படித்தான் நினைத்தார்கள். நான் இங்கிலீஷில் பதில் சொல்லிப் பார்த்தேன். "நமக்குள்ள என்னங்க இங்கிலீசு?" என்றார்.

தோழி அமெரிக்கா போவதாக இருந்தது. வாடிக்கையாளர் இடத்துக்கே போய் வேலை பார்க்கும் ஆன்சைட் வாய்ப்பு. விசாவுக்குப் பேர் கொடுத்தாகிவிட்டது. அவள் தன் அம்மாவிடம் சொல்லி, உப்பலில் அவர்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலை மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார். "ஏனுங்க அம்மணி, உங்களையெல்லாம் யாருங்க வேலைக்கு எடுத்தது? உங்களப் பார்த்தா நானும் தமிழ்நாடுன்னு சொல்லிக்கவே கூச்சமா இருக்குதுங்க" என்றார். பிறகு தோழியின் பெயரைச் சொல்லி, "அந்தப் புள்ளகூடச் சேர்ந்து சேர்ந்து நீங்களும் அப்படியே ஆயிட்டீங்க" என்று சொல்லிச் சிரித்தார். அழுதுவிடக் கூடாதே என்று நானும் சிரித்தேன். தன் பெயர் காதில் விழுந்ததும் எதிர் வரிசையில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தது எங்கள் இரண்டு பேரின் சிரிப்பை.

மத்தியானமே அவளை அறைக்குள் கூப்பிட்டு, ஆன்சைட் இல்லை என்று சொல்லிவிட்டார். போன மாதம் அவள் மறைத்து வைத்த ஒரு தப்பைச் சொல்லித்தான் திட்டினாராம். அந்தத் தப்பு தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அவள் நம்பியிருந்தாள். நான் சொல்லவில்லை; அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் பஸ்ஸில் என் கைப்பையைப் பார்த்தாள்; பின்னால் போய் உட்கார்ந்தாள். மேஜையில் டப்பாக்கள் முன்போலத் திறந்தன. நான் வந்ததும் பேச்சு நின்றது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நானேதான் என் டப்பாவோடு என் சீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் முன் தனியாகத்தான் சோறு தின்றேன். அவர் மேல் வந்த கோபத்தைவிட, வாயிருந்தும் ஊமையாகிப் போனேனே என்ற துக்கம்தான் பெரிது. என்னை அவமானப்படுத்தியதற்குச் சாட்சியாக ஒரு அறை முழுக்க ஆள் இருந்தார்கள். ஒருவருக்கும் அது தெரியாது.

சில மாதத்தில் அவள் வேறு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டாள். கடைசி நாள் சாயங்காலம், பஸ்ஸில் அவளாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தார்நாகா தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் என்னைப் பத்தி என்ன பேசினீங்க?" என்று கேட்டாள்.

என்னைத்தான் திட்டினார் என்றேன். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

"அப்போ ஏன் சிரிச்சே?"

அழுகை வந்ததால் சிரித்தேன் என்று சொன்னேன். எனக்கே அது பொய் போலக் கேட்டது. உப்பல் வந்துவிட்டது. அவள் எழுந்தாள், என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"பரவாலேது," என்றாள். "எனக்குக் கோபம் இல்லை. யாராயிருந்தாலும் வேலைக்காக அப்படித்தான் செய்வாங்க."

கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நான் செய்யாத ஒன்றுக்காக என்னை மனதார மன்னித்துவிட்டு, அவள் இறங்கிப் போய்விட்டாள்.