தள்ளிவிட்ட நாற்பது அடி

பாய்மரப் படகுப் போட்டியில் கலந்துகொள்ளப் போகிறேன் என்று செஞ்சியில் சொன்னபோது வந்த பதில்களைக் கைப்பேசியில் குறித்துவைத்தேன். குறிக்கத் தகுந்தவை மூன்றுதான். கோட்டை அகழியில் இந்த வருசம் தண்ணீரே இல்லையே என்றார் எதிர்வீட்டுக்காரர். ஜெயித்தால் அரசு வேலை உண்டா என்று கேட்டார் அத்தை. சித்தப்பா, எனக்கு நீச்சல் தெரியுமா என்று விசாரித்தார். தெரியும் என்றேன்.

"நீச்சல் தெரிஞ்சா அப்பறம் படகு இன்னாத்துக்கு?"

அதே சித்தப்பாதான் பிறகு என் போட்டியை முடித்துவைத்தார்.

நான் திண்டிவனம் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். அளவு சரியில்லாத பாகத்தை ஒதுக்கிவைப்பது வேலை. இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் முதல் பஸ் பிடித்துப் புதுச்சேரி போய் அங்குள்ள கிளப்பில் கேட்டமரான் ஓட்டப் பழகினேன். இரண்டு ஒல்லியான உடல்கள், நடுவே இழுத்துக் கட்டிய வலை, ஒரு பாய். வலையில் இருவர் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். என்னோடு ஓட்டியவர் புதுச்சேரியில் ஒரு பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவேன்.

போட்டிக்கு நாடெங்கிலுமிருந்து முப்பது படகுகள் வந்திருந்தன. ஆட்களை மூன்று வகையாகப் பிரித்தேன். சொந்தப் படகு உள்ளவர்கள், சமையல்காரரைக் குறைசொல்வதுபோல் காற்றைக் குறைசொன்னார்கள். பயிற்சியாளர் வைத்திருந்தவர்கள் பேசவே இல்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வகை, கிளப் படகை இரவல் வாங்கிய அமெச்சூர்கள். அதில் நாங்கள் இருவர் மட்டும்.

இரவலுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. இரண்டு நாளில் நான்கு பந்தயங்கள். ஒன்றிலாவது நேர வரம்புக்குள் முடிவுக்கோட்டைத் தாண்டிப் பட்டியலில் ஓர் இடம் வாங்க வேண்டும். கடைசி இடமானாலும் போதும். வாங்கினால் அடுத்த ஆண்டும் படகு எங்களுக்கு, இல்லாவிட்டால் வேறு ஜோடிக்கு. அக்காவுக்கு முட்டி தேய்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒன்றிரண்டு வருடம்தான் தாங்கும் என்று அவரே சொல்லியிருந்தார்.

முதல் பந்தயத்தில் கவிழ்ந்தோம். இரண்டாவதில் நேரம் போதவில்லை. மூன்றாவதில் தவறான மிதவையைச் சுற்றினோம். முப்பது படகுகளில் பாதை வரைபடத்தை லேமினேட் செய்து ஒட்டியிருந்த ஒரே ஆள் நான்தான். தலைகீழாக ஒட்டியிருந்தேன்.

நான்காவது இரண்டாம் நாள் காலை எட்டரைக்கு என்றார்கள். அந்தப் பருவத்தில் காலையில் கரையிலிருந்து நல்ல காற்று வரும். பத்து மணிக்கு மேல் படுத்துவிடும். மதியத்துக்கு மேல்தான் கடல்காற்று. மீன்பிடிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். யாரும் கேட்கவில்லை. கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் ஒன்பதே காலுக்கு வந்து, உலகத்துக்கே கட்டுமரம் தந்தவர்கள் நாம் என்று நாற்பது நிமிடம் பேசினார். அவர் ஷூவில் மணல் படாமலிருக்கக் கம்பளம் விரித்திருந்தார்கள். அவர் முடித்தபோது காற்றும் ஏறக்குறைய முடிந்திருந்தது. ஆனாலும் பந்தயத்தைத் தொடங்கினார்கள். புகைப்படக்காரர் காத்திருந்தார்.

பாதி வழியில் பாய் தொங்கிவிட்டது. முன்னால் நின்ற சில படகுகளில் ஆட்கள் கையை நீரில் விட்டுத் துழாவுவது தெரிந்தது. காற்றும் அலையும் தவிர எதுவும் படகை நகர்த்தக் கூடாது என்பதுதான் இந்த விளையாட்டின் முதல் விதி. அதைப் பார்க்க வேண்டிய கண்காணிப்புப் படகு சிறப்பு விருந்தினருக்குக் கடலைச் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்தது.

அப்போது பின்னால் மோட்டார் சத்தம். செஞ்சியிலிருந்து வேன் நிறைய ஆட்களோடு வந்திருந்த சித்தப்பா, கரையிலிருந்து ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு மீனவரிடம் பேசி, அவருடைய பைபர் படகில் நேரே எங்களிடம் வந்துவிட்டார். பனமலை ஏரியைத் தவிர வேறு தண்ணீரில் இறங்காத மனிதர்.

"இன்னாம்மா, நின்னுபோச்சா?"

காற்று இல்லை, வந்துவிடும், கிட்டே வராதீர்கள் என்றேன். எங்கள் ஊர் ஆண்களுக்குத் தெரிந்த தொழில்நுட்பம் ஒன்றுதான்: வண்டி நின்றால் தள்ளுவது. பஸ், டிராக்டர், மாப்பிள்ளை வந்த கார், எதுவானாலும். ஓட்டுநரைக் கேட்க மாட்டார்கள். கை தானாகப் போய்விடும். சித்தப்பா பைபர் படகின் மூக்கில் குனிந்து எங்கள் படகின் பின்பக்கத்தில் இரண்டு கைகளையும் வைத்தார். மோட்டார் உறுமியது. கூட வந்த இருவர் அப்படித்தான், அப்படித்தான் என்று ஊக்கம் கொடுத்தார்கள்.

கையை எடுங்க என்று நான் சொன்னது அவர் காதில் ஏறுவதற்குள் நாற்பது அடி நகர்ந்திருந்தோம். அதன் பிறகு அக்கா அவரைத் திட்டியது, இருபது வருடம் மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டையால் மட்டும் முடிகிற காரியம். பைபர் படகு பின்வாங்கியது.

கால் மணி நேரத்தில், வழக்கத்துக்கு முன்பே, கடல்காற்று லேசாகக் கிளம்பியது. ஆறு நிமிடம் மீதமிருக்கும்போது முடிவுக்கோட்டைத் தாண்டினோம். இருபத்து மூன்றாவது இடம். அக்கா என் லைஃப் ஜாக்கெட்டைப் பிடித்துக் குலுக்கினார்.

கரையில், விதிப்படி ஓட்டினோம் என்று நான் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என்ன யோசிக்கிறேன் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"நாப்பது அடிடீ. அந்த ஆளு தள்ளலன்னாலும் முடிச்சிருப்போம்."

அது உண்மை. நாற்பது அடி என்பது ஒரு நிமிடம்கூட இல்லை. கொஞ்சம் அளவு தப்பினாலும் வண்டி ஓடத்தானே செய்யும் என்று எங்கள் சூப்பர்வைசரும் சொல்வார். அவருக்குச் சொல்லும் பதிலையே அக்காவுக்கும் சொன்னேன். ஓடட்டும், என் கையெழுத்து இல்லாமல் ஓடட்டும்.

பந்தய அதிகாரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலை நிமிராமல், "யாருமே கம்ப்ளைண்ட் குடுக்கலையே மேடம், நீங்க ஏன் குடுக்கறீங்க?" என்றார். கையால் துழாவியவர்கள் எனக்குப் பின்னால் வரிசையில் நின்று, என்னால் தாமதமாகிறது என்று சலித்துக்கொண்டார்கள். எங்கள் படகு பந்தயத்திலிருந்து விலகியது என்று நானே எழுதிக் கொடுத்தேன். அவர்கள் சரசரவென்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாயைக் கழுவினார்.

விஷயம் தெரிந்ததும் சித்தப்பா நேரே அதிகாரியின் மேசைக்குப் போனார். "நான்தான் தள்ளுனேன். அதுங்க வோணான்னுதான் சொல்லுச்சிங்க. எம்பேர்ல எழுதிக்க, புள்ளைங்கள உட்ரு." அதிகாரி அவருக்குப் போட்டியின் பெயர் அச்சடித்த தொப்பி ஒன்றைக் கொடுத்து அனுப்பிவைத்தார். முறையிட வருபவர்களுக்கென்றே அதை வைத்திருந்தார் போலிருக்கிறது.

அந்தத் தொப்பியோடுதான் சித்தப்பா வேனில் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும், அடுத்த வருசம் படகு தரமாட்டார்களா என்று கேட்டார். மாட்டார்கள் என்றேன். தள்ளியதற்கா என்றார். ஆமாம் என்றேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

திண்டிவனம் நெருங்கும்போது அக்கா கூப்பிட்டார். கிளப்பில் புதியவர்களுக்கான வகுப்பில் எங்கள் இருவர் பெயரையும் எழுதிவிட்டாராம். அதை முடித்தால் படகுக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம். கயிற்றில் முடிச்சுப் போடுவதிலிருந்து ஆரம்பிப்பார்கள். இதையெல்லாம் கோபம் குறையாத குரலில் சொல்லிவிட்டு, "அந்த ஆளக் கூட்டிட்டு வராத" என்றார்.

வேன் இரைச்சலுக்காக ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சித்தப்பா போனுக்கு அருகே குனிந்தார்.

"நான் கரையிலயே நிக்கிறேம்மா."

"கரையிலயும் வேணாம்" என்றார் அக்கா.