தமிழ்ப் பக்கத்தில் இன்னும் 'நாங்கள்'

இன்று அந்தமான் ரங்கத்தில் இருக்கும் என் ஹோம்ஸ்டேவுக்கு ஒரு மதுரைக் குடும்பம் வந்தது. சாவியை வாங்கிக்கொண்ட அம்மா செல்போனைக் காட்டினார்.

"வெப்சைட்ல 'நாங்களே சமைத்துப் பரிமாறுகிறோம்'னு போட்டிருக்கே. நீங்க ஒருத்தர்தானேண்ணே இருக்கீங்க?"

"வீட்டுல மெயின்லேண்ட் போயிருக்காங்க. மக காலேஜுக்காகப் போனாங்க."

மகள் படிப்பு முடிந்த பிறகும் என் மனைவி வசந்தா அங்கேயே தங்கிவிட்டதை நான் சொல்லவில்லை.

"அப்ப அதை மாத்திடலாமே" என்றார் அந்த அம்மா.

கப்பல் நேரம் மாறினால் அன்றே வெப்சைட்டில் மாற்றிவிடுகிறவன் நான். இதை மட்டும் தொட்டதே இல்லை.

மதியம் அவர்களுக்கு மீன்குழம்பு பரிமாறிவிட்டு, வெப்சைட் செய்து கொடுத்த பெங்காலி நண்பர் பிமலுக்குப் போன் செய்தேன். 'நாங்கள்' என்பதை 'நான்' ஆக்க வேண்டும் என்றேன்.

"ஹிந்தி பக்கத்தை விட்டுடு பாய்" என்று ஹிந்தியில் சிரித்தார். "அங்கே 'ஹம்'னுதான் இருக்கு. நம்ம ஊர்ல தனி ஆளும் தன்னை 'ஹம்'னுதானே சொல்லிக்கிறான்!" ஹிந்தியில் 'ஹம்' என்றால் 'நாங்கள்'.

தமிழ்ப் பக்கத்தில் 'நானே' என்று அடித்துப் பார்த்தேன். ஆளில்லாத வீடு மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன்.

ஒற்றை ஆளுக்கும் பொருந்துகிற ஒரு 'நாங்கள்' தமிழில் இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள்.

வசந்தா, இதைப் பார்த்தால் நீயும் சொல்லலாம்.