கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து ஒரு போன்

தெற்கே ஒரு தீவுக்குப் படகில் போய்க் கலங்கரை விளக்கம் பார்ப்பது என் மனைவியின் பல வருஷ ஆசை. வேன் பேசியிருந்த நாளுக்கு முந்தைய நாள்தான் விதைவிட நல்ல நாளாக அமைந்தது. முளைகட்டிய விதையை நாற்றங்காலில் தெளித்தேன். மறுநாள் விடியலில் மடையை வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் விதை அழுகிவிடும். வேன் ஹாரன் அடித்த அவசரத்தில் அதை மறந்து தொலைத்தேன்.

நினைவு வந்தது விளக்கின் உச்சியில். வடக்கே, எங்கள் நன்னிலம் பக்கம், வானம் கறுத்திருந்தது. விளக்கின் காவலர் பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பல்லாம் எண்ணெய் விளக்குங்க. புயலடிச்சாலும் ஒருத்தர் பக்கத்துலயே இருக்கணும். விட்டுட்டு எங்கயும் போக முடியாது."

என்னைத்தான் திட்டுகிறார் என்று பட்டது.

தீவிலேயே அங்கு மட்டும்தான் சிக்னல் கிடைத்தது. என் வயலை ஒட்டியிருப்பது பங்காளியின் வயல். எனக்குத் தம்பி முறை. இருவருக்கும் பொதுவான வரப்பை ஒவ்வொரு போகமும் செதுக்கிச் செதுக்கித் தன் வயலோடு சேர்த்துக்கொள்கிறான் என்று சண்டை. இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. வேறு வழியில்லாமல் அவனையே கூப்பிட்டேன்.

நான் வாயைத் திறப்பதற்குள், "மடைதானே? காலையிலயே வெட்டிவிட்டுட்டேன். கவலப்படாம சுத்திப் பாத்துட்டு வாங்கண்ணே" என்று வைத்துவிட்டான்.

"அப்பாடா" என்றாள் மனைவி.

பாதிப் படி இறங்குவதற்குள் எனக்கு அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. மண்வெட்டியோடு அங்கே தனியாக நின்றவன், மடையை மட்டுமா வெட்டியிருப்பான்?