டென்ட் காலில் கட்டிய தண்ணீர்

பாபநாசம் போகிற ரோட்டில், ஒரு மாந்தோப்பு ஓரம் நாங்கள் பஜ்ஜிக்கடை போட்டிருக்கிறோம். நானும் வீட்டுக்காரரும்தான். அவர் முன்னே மூட்டை தூக்கினவர். முதுகு போய்விட்டது. வெயிலில் இருந்தால் தலை சுற்றி விழுந்துவிடுவார். அதனால்தான் டென்ட் வாங்கினோம். நாலு இரும்புக்கால், மேலே நீலத் துணி. இழுத்தால் விரியும், தள்ளினால் மடங்கும்.

ஆனி, ஆடியில் அருவியில் குளிக்க ஆள் வரும். வியாபாரம் அப்போதுதான். காற்றும் அப்போதுதான். காலையில் ஒன்றும் தெரியாது. மத்தியானத்துக்கு மேலே மலையிலிருந்து பிடித்தால் இருட்டுகிறவரை விடாது.

போன வருசம் ஒருநாள் டென்ட் எழும்பி ரோட்டில் போய் விழுந்தது. வந்த வேன் பிரேக் போட்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. தோப்புக்கார அண்ணாச்சி பார்த்துக்கொண்டு நின்றார். இடம் அவருடையது. வாடகை கேட்டதில்லை. இன்னொரு தடவை பறந்தால் கடையை எடுத்துவிட வேண்டும் என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. எங்களுக்கு வேறு இடம் கிடையாது.

பின்கால் இரண்டையும் தோப்பு வேலியின் கல்தூணோடு சேர்த்துக் கட்டினோம். முன்கால் இரண்டும் ரோட்டோரம். அடியில் சரளையும் பழைய தாரும். கம்பி அடித்துப் பார்த்தோம், வளைந்துபோனது. வீட்டுக்காரர் தண்ணீர்க் கேன் வைக்கலாம் என்றார். ஒரு பெரிய கேன், இரண்டு முன்காலுக்கும் நடுவில். காலையில் குழாயில் நிரப்பிக் கொண்டுவந்து, கயிறு போட்டு மேல்கம்பியோடு இறுக்கிக் கட்டுவோம். ஆட்டிப் பார்த்தால் அசையாது. அந்த வருசம் அதற்குப் பிறகு நிம்மதியாக இருந்தோம்.

இந்த ஆடியில் கூட்டம் அதிகம். குளித்துவிட்டு வருகிறவர்கள் பஜ்ஜி தின்பார்கள். பிறகு தண்ணீர் கேட்பார்கள். குடிக்க, கை கழுவ, பிள்ளைக்கு வாய் துடைக்க. முன்னால் நிற்பது அந்தக் கேன்தான். வீட்டுக்காரர் அதில் ஒரு குழாய் மாட்டினார். பக்கத்தில் டம்ளரும் தொங்கவிட்டார். தண்ணீர் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல எங்களுக்கு வராது. நானும் எடுத்துக்கோங்க என்பேன். கயிறு கட்டினபடிதான் இருந்தது. அதைத்தான் பார்த்தோம். உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காற்று பிடித்தது. முன்கால் தரையை விட்டு எழும்பியது. காலிக் கேனும் கயிற்றில் தொங்கிக்கொண்டு கூடவே போனது. நான் அடுப்பை அணைத்து எண்ணெய்ச் சட்டியை இறக்கினேன். திரும்பினால், வீட்டுக்காரர் ஒரு காலைப் பிடித்துத் தொங்குகிறார். கனம் தாங்கக் கூடாத முதுகு. விடச் சொன்னேன். விடவில்லை.

மற்றக் காலைப் பிடிக்கப் போனேன். அதற்குள் தோப்புக்கார அண்ணாச்சி வந்து பிடித்துவிட்டார். அவர் பைக் ரோட்டோரம் சாய்ந்து கிடந்தது. என்னைத் துணியைக் கழற்றச் சொன்னார். ஸ்டூலில் ஏறிக் கழற்றினேன். துணி போனதும் கால் பைய இறங்கியது.

அண்ணாச்சி கேனைக் காலால் தட்டினார். லொட்டென்றது. வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏலே, தண்ணி எங்கலே?"

"தாகம்னு கேட்டாவ அண்ணாச்சி. குடுத்துட்டேன்."

"அதுக்கு டென்ட்டையே குடிக்கக் குடுப்பியா?"

நின்ற கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் எழும்ப முடியாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். அண்ணாச்சி அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, தோப்புக்குள் மாமரத்தடியில் கொண்டு படுக்கவைத்தார். கடையைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

மறுநாள் காலையில் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். முன்கால் ஊன்றுகிற இடத்தில் இரண்டு ஆட்டுரல் கிடந்தது. அண்ணாச்சி வீட்டிலும் அவர் தம்பி வீட்டிலும் கிரைண்டர் வந்த பிறகு கொல்லையில் சும்மா கிடந்ததாம். ஆள் வைத்து உருட்டிக்கொண்டு வந்து போட்டிருக்கிறார். அவர் வேலிக்கு உள்ளே நின்று சருகு கூட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இத எவனும் குடிக்க மாட்டான். கட்டும்மா."

கட்டினேன்.

இப்போது காற்று கூடினால் முதலிலேயே துணியைக் கழற்றிவிடுகிறோம். வீட்டுக்காரர் மாமரத்தடிக்குப் போய்விடுவார். போகச் சொல்லி தோப்புக்குள்ளேயிருந்து அண்ணாச்சி சத்தம் வரும். கேன் அதே இடத்தில்தான் இருக்கிறது, டம்ளரோடு. கயிறு மட்டும் இல்லை.