எதிர் வேண்டுதல்

எங்கள் கடற்கரைப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு கோவிலுக்குள் முதன்முதலாகக் கால் வைக்கிறபோது மூன்று வேண்டுதல் கேட்கலாம், மாதா தட்ட மாட்டாள். அபுதாபி பக்கம் அல் ஐனில் இருக்கிற எங்களுக்கு இதனால் பெரிய பிரயோஜனம் இல்லை. நாங்கள் போவது ஒரே கோவில். அங்கே என் மூன்றையும் டூட்டி, விசா, நல்ல ரூம் என்று வந்த வாரமே செலவழித்துவிட்டேன்.

அதனால் பெருநாள் லீவுக்கு ஜார்ஜியா போவதென்று முடிவானதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் பாதி நர்ஸுகள் போய்வந்த ஊர்தான். ஆனால் அவர்கள் பனியில் போட்டோ எடுக்கப் போனார்கள். நான் போனது, மலையையே குடைந்து உண்டாக்கிய பழைய மடத்துக்காக. ஒரு குகைக்குப் பக்கத்தில் இன்னொரு குகை, அதற்கு மேலே ஒரு கோவில், அதற்குள்ளே இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று மூன்று வேண்டுதல்! என் தேவை என்னவோ ஒன்றுதான். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரி வேலைக்கு இன்டர்வியூ முடித்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஏசி மெக்கானிக். அல் ஐன் வெயிலில் அவருக்கு இருக்கிற மரியாதை டாக்டருக்குக்கூடக் கிடையாது. ஜூலையில் ஏசி நின்றுபோனால் பெரிய வில்லாக்காரர்களே போன் போட்டு, "பாய், ஜல்தி" என்று கெஞ்சுவார்கள். அயர்லாந்திலோ ஃபேன்கூடப் போட மாட்டார்களாம். அங்கே வந்து உன் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவா என்று பிளைட்டிலேயே ஆரம்பித்துவிட்டார். அதோடு விட்டாரா மனுஷன்?

"நீ கேக்குத கோவில்ல எல்லாம் நானும் கேப்பேன், அந்த வேலை வரக் கூடாதுன்னு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பிளைட்டில் கொடுத்த சாப்பாட்டைத் தொடவில்லை. அதையும் அவரே சாப்பிட்டார்.

போய் இறங்கிய சாயங்காலம் குளிர் நடுக்கிவிட்டது. நான் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தேன். இவர் ஹோட்டல் ரூமின் சுவரோரம் இருந்த ஹீட்டர் முன்னால் முட்டுக்கால் போட்டு, அதன் மூடியைக் கழற்றி, செல்போன் வெளிச்சத்தில் குழாயைத் தடவிக்கொண்டிருந்தார். லீவிலும் டூட்டியா என்று திட்டினேன். காதில் வாங்கவே இல்லை.

மறுநாள் மடத்துக்குள் நாங்கள் பக்தியோடு போனோம் என்று சொன்னால் மாதாவே சிரிப்பாள். யார் முதலில் உள்ளே போகிறாரோ அவர் வேண்டுதல்தான் முதலில் போய்ச் சேரும் என்று இருவருக்குமே ஒரு நினைப்பு. கோவிலென்றால் செருப்பைக் கழற்ற வேண்டுமே, அதையும் விட முடியவில்லை. மற்றவர்கள் பூட்ஸோடு சாவகாசமாக நுழைய, நாங்கள் மட்டும் வாசலுக்கு வாசல் ஷூ கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஐஸ் மாதிரி சில்லிட்ட பாறையில் சாக்ஸோடு ஓடினோம். முதல் குகையில் நான் முந்தினேன். அடுத்ததில் அவர். அதற்கடுத்ததில் குனிய மறந்து நெற்றியை இடித்துக்கொண்டேன். நான் தலையைத் தேய்த்து முடிப்பதற்குள் அவர் மூன்றையும் கேட்டுவிட்டு வெளியே வந்து, பாவம் என்று உச்சுக்கொட்டினார்.

கடைசிக் கோவிலுக்கு ஒரு குறுகிய சுரங்கம் வழியாக ஏற வேண்டும். அவர் விறுவிறுவென்று ஏறிவிட்டார். எனக்கு மூச்சு வாங்கியது. கலாஸ், அயர்லாந்து போச்சு என்று நினைத்துக்கொண்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது, சுவரில் மங்கிப்போயிருந்த புனிதர்களின் முன்னால் முட்டுக்கால் போட்டிருந்தார். மற்ற குகைகளில் எழுந்ததும் என்னைப் பார்த்து ஒரு இளிப்பு இளிப்பார். இங்கே எழவே இல்லை.

எனக்கு எதிராக அவ்வளவு பலமான ஜெபமா என்று வம்புக்கு இழுத்தேன்.

"இல்லட்டி," என்றார், திரும்பாமலே. "அயர்லாந்துல ஹீட்டர் ரிப்பேர் பாக்குதவனுக்கு வேலை கிடைக்கணும்னு கேட்டேன். நேத்து பிரிச்சுப் பாத்தேம்லா. பெரிய வித்தை ஒண்ணுமில்ல, கத்துக்கிடலாம்."

நானும் பக்கத்தில் போய் முட்டுக்கால் போட்டேன். அந்தக் கோவிலுக்கான என் மூன்று வேண்டுதலும் அப்படியே கையில் இருந்தன. மூன்றையும் ஹீட்டருக்கே கேட்டேன்.